அரங்குக்குப் பின்னால் நின்றவர்கள்

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். ஒரு செம்பு தண்ணீர், முட்டி வலிக்காகப் பத்து நிமிடப் பயிற்சி, பிறகு கடுங்காப்பி. 5.15க்கு நாட்குறிப்பைத் திறந்து, அன்றைய கடல் ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று அட்டவணையைப் பார்த்துப் பக்கத்தின் வலது மூலையில் கட்டம் போட்டு எழுதினேன். போர்ட் பிளேருக்கு வந்த நாளிலிருந்து அன்றுவரை அந்தக் கட்டம் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் எழுதியிருக்கிறேன். எழுத்து மட்டும் கோணலாக இருக்கும். 6.30க்கு இரண்டு சட்டைகள் துவைத்தேன். 7.40க்கு ஜங்கிளிகாட் மீன்பிடித் துறைக்கு எதிரே இருக்கும் எங்கள் சேவை நிலையத்தைத் திறந்தேன்.

நிலையம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. முன்னால் ஓர் அறை, பின்னால் அரை அறை. மீன்பிடிப் படகுகளுக்கு ஜி.பி.எஸ்., வயர்லெஸ், தண்ணீருக்கு அடியில் மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ கருவி இவற்றையெல்லாம் செய்கிற கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் அந்தமான் கிளை அது. நிரந்தர ஊழியர் நான் ஒருவன். என்னோடு இருந்தவர் தினக்கூலிக்கு வேலை செய்கிறவர்; வயது நாற்பத்தொன்று. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர் கச்சாலில் பிறந்தார், சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்தார். மெயின்லேண்டை அதுவரை பார்த்ததே இல்லை.

அன்றும் அவர் வந்ததும் பையிலிருந்து கறுப்பு ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார். டிசம்பரில் வாங்கியது. அடி அழுக்காகக் கூடாது என்று அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, தினமும் அரை மணி நேரம் அதன் மேலேயே நடப்பார்.

“கடிக்குதுண்ணே.”

“இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. பழகிரும்.”

“காலு பழகிரும். நாக்கு? ஒங்க முதலாளி மூஞ்சியப் பாத்தா நம்மளுக்கு ஹிந்திதான் வரும்.”

“அது பரவால்ல. ‘பாய்’னு மட்டும் கூப்பிட்டுராதீங்க.”

“சரி பாய்.”

பிப்ரவரி நடுவில் சென்னையில் நடக்கும் கடல்சார் கருவிகள் கண்காட்சிக்காகத்தான் இந்தப் பயிற்சி. அதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் நிறுவனம் அந்தக் கண்காட்சியில் வருடம் தவறாமல் அரங்கு போடும். தூரத்துக் கிளைகளில் இருக்கும் நாங்கள் மூன்று நாளும் அங்கே நிற்போம். முன்பக்கம் மீன் படம், விளக்கு, துண்டுப்பிரசுரம், வருகிறவர்களுக்கு இனிப்பு. பின்பக்கம், திரைத்துணிக்கும் மண்டபச் சுவருக்கும் நடுவில், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஓர் ஆள் அகலச் சந்து. கடைசி நாள் மாலை முன்விளக்கை அணைத்ததும் முதலாளி அந்தச் சந்தில் ஒரு பெட்டி மேல் உட்காருவார். வேராவல், பாராதீப், விசாகப்பட்டினம், அந்தமான் என்று நாங்கள் வரிசையில் நிற்போம். மாறுதலோ, பதவி உயர்வோ, நீண்ட விடுப்போ, அங்கேதான் கேட்க வேண்டும். அவர் கேட்டுவிட்டு, மிஞ்சிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதுதான் உத்தரவு. அலுவலகம் பிற்பாடு தட்டச்சு செய்து அனுப்பும்.

வேறு எங்கும் அவர் இதைப் பற்றிப் பேச மாட்டார். மாறுதல் கேட்டுப் போகும் மின்னஞ்சலை அவர் திறப்பதே இல்லை. பாராதீப் கிளைக்காரர் ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அவர் இன்னும் பாராதீப்பில்தான் இருக்கிறார்.

என்னை 2014இல் இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். மனைவி தூத்துக்குடியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. அந்த வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனமில்லை. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஜூன் மாதம் எங்காவது கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். சந்தின் வரிசையில் நான் பல வருடம் நின்றிருக்கிறேன். இரண்டு வருடம் நிற்கவில்லை: ஒருமுறை புயலில் விமானங்கள் ரத்து, ஒருமுறை எனக்கு டெங்கு. மற்ற வருடங்களில் “இன்னும் ஒரு வருஷம்” என்பதே பதில். போன பிப்ரவரியில்தான் பதில் மாறியது.

“ரெண்டு வருஷம்னு அனுப்பினேன். எத்தனை ஆச்சு?”

“பத்து ஆகப் போகுது சார்.”

“சொல்லக் கூடாதாப்பா?”

“ஒவ்வொரு வருஷமும் சொன்னேன் சார்.”

அவர் சிரித்தார். “சரி, ஒண்ணு பண்ணு. அங்க உன் எடத்துல நிக்க ஒரு ஆளைத் தயார் பண்ணு. அடுத்த வருஷம் இங்க கூட்டிட்டு வா, நான் பார்க்கணும். ஆள் சரின்னா அவனைப் பெர்மனென்ட் ஆக்கிட்டு உன்னைத் தூத்துக்குடிக்கு மாத்தறேன்.”

ஒரு வருடம் முழுதும் அதற்காகத்தான் வேலை செய்தேன். எந்தப் படகில் எந்தக் கருவி, எந்தப் படகுக்காரர் எக்கோ மேல் மீன்கூடையை வைப்பார், கார் நிக்கோபார் தீவுக்குப் போகும்போது எந்தெந்த உதிரிப் பாகம் கையில் இருக்க வேண்டும், மாயாபந்தர் படகுத்துறையில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்றெல்லாம் அறுபத்து நான்கு பக்கத்துக்கு ஒப்படைப்புப் புத்தகம் எழுதினேன். மாலையில் நான் அட்டைப்பெட்டி மேல் முதலாளியாக உட்காருவேன். என் இடத்துக்கு நான் தயார் செய்த கச்சால்காரர் எதிரே நின்று பதில் சொல்லிப் பழகுவார்.

மின்னஞ்சல் 10.20க்கு வந்தது. நான் ஒரு வயர்லெஸ் கருவியின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். திருகாணிகளைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் படித்தேன்.

நிறுவனம் இந்த ஆண்டு முதல் சென்னைக் கண்காட்சியில் பங்கேற்காது. வாடிக்கையாளர்களைத் துறைமுகங்களிலேயே நேரடியாகச் சந்திக்க அந்த உழைப்பைப் பயன்படுத்தும். கிளை ஊழியர்களுக்கான பயண ஏற்பாடுகள் ரத்து செய்யப்படுகின்றன. கடைசிப் பத்தி இப்படி இருந்தது: “நமது அந்தமான் கிளை ஊழியர் மிகுந்த கவனத்துடன் தயாரித்து அளித்த அறிக்கையே இந்த முடிவுக்கு அடிப்படை. அவருக்கு நிர்வாகத்தின் பாராட்டுகள்.”

மூன்று முறை படித்தேன். பிறகு மூடியைப் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அறிக்கை நான் எழுதியதுதான். போன கண்காட்சியின் இரண்டாம் நாள், வருகிறவர்களின் பெயரையும் கேள்வியையும் நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்தார். “இவங்கள்ல எத்தனை பேர் நிஜமா வாங்கறாங்கன்னு பின்னாடியே போய்ப் பார்த்து எழுது” என்றார். விசிட்டிங் கார்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போர்ட் பிளேருக்கு வந்தன. ஒவ்வொருவருக்கும் தொலைபேசி செய்தேன். கிடைக்காதவர்களுக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரங்களில் செய்தேன். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள், போட்டி நிறுவன ஆட்கள், இலவசப் பைக்காக வந்தவர்கள். வாங்கியவர்கள் நான்கு பேர். அவர்களில் மூவர் ஏற்கெனவே எங்கள் வாடிக்கையாளர்கள். நவம்பர் கடைசியில் அறிக்கையை முடித்து, “இந்தக் கண்காட்சியால் விற்பனைக்கு ஏற்படும் பயன் மிகக் குறைவு” என்று எழுதி, கீழே கோடு போட்டேன். அன்றைய நாட்குறிப்பில் “நிறைவான நாள்” என்று இருக்கிறது.

அந்தக் கோட்டைப் போடும்போது எனக்கு உறைக்கவில்லையா என்று கேட்டால், இல்லை. மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் மழை பெய்தது என்று எழுதுகிறவன் அதனால் மழை நின்றுவிடும் என்று நினைப்பானா? கண்காட்சியையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோயம்புத்தூர் அலுவலக மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“சார், வாழ்த்துகள்! உங்க ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு முதலாளி அசந்துட்டாரு. ஒரு வரி விடாமப் படிச்சாரு சார். ரெண்டு தடவை.”

“சார், அப்போ பின்பக்கம்?”

“எந்தப் பின்பக்கம்?”

“ஸ்டாலுக்குப் பின்னாடி. மாறுதலெல்லாம் கேட்போமே.”

“அட, ஆமா. அதை யாரும் யோசிக்கலியே. ஒரு மெயில் போட்டு வையுங்களேன்.”

“மாறுதல் மெயிலை அவர் திறக்க மாட்டாரே சார்.”

“அதுவும் சரிதான்” என்றார் மேலாளர்.

வைத்த பிறகுதான் கச்சால்காரர் ஷூவோடு அட்டை மேல் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. என் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டிருக்கிறார்.

“க்யா ஹுவா அண்ணே?”

“வண்டூர்ல ஒரு எக்கோ பார்க்கணும். வாங்க, போயிட்டு வந்துரலாம்” என்றேன். அந்த வேலை மறுநாளைக்குக் குறித்து வைத்திருந்தது. குறித்த நாளுக்கு முன்னால் ஒரு வேலையை நான் எடுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஸ்கூட்டரில் போனோம். அவர் பின்னால். இந்தத் தீவில் எந்தச் சாலையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் முன்னால் கடல் வந்துவிடும். வந்த புதிதில் அது எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு சாலையின் கடைசியையும் போய்ப் பார்ப்பேன். மூன்றாம் வருடத்தோடு நிறுத்திவிட்டேன். அன்று வண்டூரில் சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றேன். தலைக்கு மேல் சென்னை விமானம் ஏறிப் போனது. பதினொன்றே முக்கால். அன்று அது சரியான நேரத்துக்குக் கிளம்பியிருந்தது.

அவரிடம் சொன்னேன். கண்காட்சி இல்லை, பயணம் இல்லை, என் அறிக்கைதான் காரணம். மறைக்காமல் அந்த வரிசையிலேயே சொன்னேன்.

அவர் கரையில் கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார். சுனாமியில் வேரோடு சாய்ந்த பெரிய மரம். பயணிகள் அதில் ஏறிப் படம் எடுப்பார்கள்.

“அந்த டின்னுல இருந்த கார்டுக்கெல்லாம் போன் போட்டீங்களே, அதாண்ணே?”

“அதுதான்.”

“நானும் நாப்பது அம்பது பேருக்குப் போட்டேன்ல?”

“போட்டீங்க.”

“ஹிந்திக்காரங்களுக்கெல்லாம் நான்தான பேசுனேன்.” சிரிக்க ஆரம்பித்தார். “நம்ம டிக்கட்ட நாமளே கிழிச்சிருக்கோம். ரெண்டு பேரும் ஜோடி போட்டு.”

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்தினார்.

“நாலுன்னு இருந்தத நாப்பதுன்னு எழுதியிருக்கலாம்லண்ணே?”

“நாலுதான இருந்துச்சு.”

“ம். ஒங்களுக்கு வராது.” மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். “ஷூவ இனிமே கடையிலயே போட்டுக்கிறேன். அட்டை வேணாம்.”

எக்கோவில் கோளாறு எதுவும் இல்லை. கம்பியின் முனையில் உப்புப் பூத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, வந்த சாலையிலேயே திரும்பினோம்.

மாலை 5.20க்கு இங்கே இருட்ட ஆரம்பித்துவிடும். தூத்துக்குடியில் அப்போதும் வெயில் இருக்கும். மனைவி பள்ளியிலிருந்து வந்து காப்பி போடுகிற நேரம் அது. அப்போதுதான் நாங்கள் பேசுவோம். மின்னஞ்சலை அப்படியே படித்துக் காட்டினேன். பாராட்டுப் பத்தியையும் விடவில்லை.

“என்ன சொல்லுதீங்க? உங்க கையாலயே எழுதிக் குடுத்தீங்களா?”

“அப்ப தோணல.”

“பொண்ணு இன்னிக்குக் காலையில மாடி ரூமுல இருந்த புஸ்தகத்தையெல்லாம் ஒதுக்கி வச்சா. அப்பாவுக்கு டேபிள் போடணும்னு.” அடுப்பைக் குறைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள். “அந்த அறிக்கையில எத்தனை பக்கத்த எண்ணினீங்க?”

“இருபத்தாறு பக்கம்.”

“அதக் கேக்கல. ஸ்டாலுக்கு முன்னாடி வந்தவங்கள எண்ணினீங்க. பின்னாடி நின்னவங்கள எண்ணினீங்களா?”

“அதை யாரும் கேட்கல.”

“கேக்காதத எழுத மாட்டீங்க. பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும், காப்பி எப்படி இருக்குன்னு எங்கப்பா கேக்கிற வரைக்கும் சொல்லல.” கோபமாக இருக்கும்போதுதான் அவள் இதைச் சொல்வாள். “என் பரீட்சைத்தாள்ல ஒரு புள்ள கணக்குல பாதிய மட்டும் செஞ்சிட்டு விடைன்னு கோடு போட்டா நான் முழு மார்க்கு போடுவேனா? போய் மீதியச் செய்யிங்க.”

அத்தோடு வைத்துவிட்டாள்.

பழைய நாட்குறிப்புகளை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கண்காட்சியின் கடைசி நாள் பக்கங்கள் எல்லாவற்றிலும், என் வழக்கப்படி, வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் யார் நின்றார்கள், என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது என்று எழுதியிருந்தது. நான் போகாத வருடங்களுக்கும் மற்றவர்களிடம் கேட்டு எழுதி வைத்திருந்தேன். விசாகப்பட்டினக்காரருக்குத் தாயின் சிகிச்சைக்கு மூன்று மாத விடுப்பு. வேராவல்காரர் அந்தச் சந்தில்தான் கிளைத் தலைவர் ஆனார். கொச்சிக்காரர் வேலையை விட்டுவிடும் எண்ணத்தோடு வந்து, பேசிவிட்டு, விடாமல் திரும்பிப் போனார். இன்று நிறுவனத்திலேயே அதிகமாக விற்கிறவர் அவர்தான்.

வருடம், கிளை, கேட்டது, கிடைத்தது என்று நான்கு பத்தி பிரித்து ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். தலைப்பில் “கண்காட்சி அறிக்கைக்குப் பிற்சேர்க்கை” என்று போட்டேன். மாறுதல் என்ற சொல் தலைப்பில் இல்லை. மாறுதல் கேட்டால் முதலாளி திறக்க மாட்டார். ஆனால் என் அறிக்கையை ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தவர் அவர். இது தந்திரமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். எழுதியதெல்லாம் நடந்ததுதான் என்பதால் மேலே எழுதினேன்.

கடைசியில் 2025 என்று போட்டு இரண்டு வரிசை. முதலாவது என்னுடையது. கேட்டது: முதலாளி சொன்னபடி ஒப்படைத்துவிட்டுத் தூத்துக்குடிக்கு மாறுதல், ஜூன் மாதத்துக்கு முன். கிடைத்தது: அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். இரண்டாவது கச்சால்காரருடையது. கேட்டது: நிரந்தர வேலை, இந்தக் கிளையின் பொறுப்பு. அங்கே பேனாவை நிறுத்தினேன். இன்னொருவருடைய கோரிக்கையை அவர் கையெழுத்து இல்லாமல் நான் எப்படி அனுப்புவது? ஏற்கெனவே ஓர் அறிக்கையில் அவரைக் கேட்காமல் அவர் கதவையும் சேர்த்துச் சாத்தியிருக்கிறேன்.

மணி ஏழரை. தாளை மடிக்காமல் உறையில் வைத்தேன். நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நான்கு வரிதான் எழுதினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, 4.45க்கு எழுந்ததும் முதல் வேலையாக உறையை எடுத்துக்கொண்டு டெய்ரி ஃபார்ம் மேட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு நடந்தேன். காப்பியும் இல்லை, பயிற்சியும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டு விலக ஆரம்பித்திருந்தது. அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, க்யா, யாருக்காச்சும் ஏதாச்சுமா?”

தாளைக் காட்டினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, வாசல் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். அவருடைய வரிசைக்கு வந்ததும் விரல் நின்றது.

“பொறுப்புன்னு போட்ருக்கீங்க.”

“உங்களால முடியும்னு எனக்குத் தெரியும். முதலாளிக்குத்தான் தெரியாது. கையெழுத்துப் போட்டா அனுப்பறேன். வேணாம்னா உங்க வரிசையை அடிச்சிடறேன்.”

“இருங்கண்ணே” என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது சட்டை போட்டு, ஷூவும் மாட்டியிருந்தார். கயிறு மட்டும் கட்டவில்லை. சுவரில் தாளை வைத்துத் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அங்கேயே நின்று தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதே தலைப்போடு முதலாளிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். போயிற்று என்று காட்டியபோது மணி 5.31.

அன்றைய நாட்குறிப்புப் பக்கத்தில், கடல் ஏற்ற வற்றம் எழுதும் வலது மூலைக் கட்டம் காலியாக இருக்கிறது.